பாஸ்மதி என்று எழுதிய பிள்ளைகள்

ஷாகினாவின் அத்தா கட்டுரைத் தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எங்கள் பள்ளி கம்ப்யூட்டர் லேபுக்குள் நுழைந்தார். திண்டுக்கல்லில் பிரியாணிக் கடைக்காரர்.

“சார், எங்க கடையில பாஸ்மதி போடுறோம்னு எம் மகளே எழுதிருக்கா. நாங்க சீரகச் சம்பாவத் தவிர வேற அரிசியத் தொட்டதில்ல. நாலு பேரு படிச்சா கடைக்கு வருவானா?”

ஏஐ பீரியடில் நான் கொடுத்த தலைப்பு, ‘எங்கள் ஊர் உணவு’. ஒன்பதாம் வகுப்பில் பாதிப்பேர் பாஸ்மதிதான். ஏஐ கொடுத்ததை அப்படியே இறக்கியிருந்தார்கள்.

தலைமையாசிரியை சுருக்கமாகச் சொன்னார்: “இந்த ஏஐ பீரியடைக் கணக்குக்குக் குடுத்துரலாம் சார்.”

“ஒரு வாரம் குடுங்க மேடம்.”

“வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்குறேன்.”

நான் முறையாகக் கம்ப்யூட்டர் படித்தவனில்லை. பிரவுசிங் சென்டரில் அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்துக் கற்றுக்கொண்டவன். அங்கே வருகிறவர்கள் தாங்களாக எதுவும் சொல்ல மாட்டார்கள். நாம் துருவித் துருவிக் கேட்டால்தான் விஷயம் வரும். அதையே இங்கேயும் செய்தேன். ‘பதில் சொல்லாதே. எங்கள் ஊரையே பார்க்காத ஆள் மாதிரி என்னைக் கேள்வி கேள்’ என்று ஏஐக்கு பிராம்ப்ட் போடும்படி பிள்ளைகளிடம் சொன்னேன்.

ஷாகினாவை ஏஐ கேட்டது: ‘அரிசிக்கு எப்போதும் ஒரே அளவு தண்ணீர்தானா?’ அவள் வீட்டில் போய் அத்தாவைக் கேட்டாள்.

“புது அரிசின்னா தண்ணியக் கொறைப்போம்.”

“ஏன்த்தா?”

“ஏன்னா என்னம்மா சொல்ல? கைக்குத் தெரியும்.”

வெள்ளிக்கிழமை இரண்டு டிபன் பாக்ஸோடு வந்தாள். ஒன்றில் புது அரிசி, ஒன்றில் பழைய அரிசி. ஒரே அளவு தண்ணீரில் ஊறவைத்து, மிச்சத் தண்ணீரை அளந்து காட்டினாள். பழையதுதான் அதிகம் குடித்திருந்தது.

“பழசு நல்லாக் காஞ்சு கெடக்குல்ல மேடம், அதான்னு நெனைக்கிறேன். மழைக்காலத்துலயும் இப்படியான்னு இன்னும் பாக்கல.”

“இத ஏஐகிட்டயே கேட்ருக்கலாமேம்மா?”

“கேட்டேன் மேடம். அதுவும் இதத்தான் சொல்லுச்சு. பாஸ்மதின்னும் அதுதான சொல்லுச்சு? அதான் ஊறவச்சே பாத்துட்டேன்.”

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “கணக்குக்கு வேற பீரியட் பாத்துக்கலாம் சார்.”

லேபுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளைகள் ஏஐயைக் கேட்கும் முன்னால், அது பிள்ளைகளைக் கேட்கட்டும்.

போன வாரம் ஷாகினாவின் அத்தாவைக் கடையில் பார்த்தேன். இலையைப் போட்டுவிட்டுச் சொன்னார்: “அடுத்து அந்த ஏஐய கறி வேகுற கணக்கக் கேக்கச் சொல்லுங்க சார். எனக்கே தெரியணும்.”