சொதிக்கு வாங்கிய எலுமிச்சம்பழம்

கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி போடாவிட்டால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அந்தக் கல்யாணமே கணக்கில் சேராது. தேங்காய்ப்பாலில் காய்களை வேகவிட்டு, இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்தால்தான் அது சொதி. பிழியாவிட்டால் அதற்குப் பெயரே கிடையாது. நான் சின்னப் பையனாக இருந்தபோது பேட்டையில் எங்கள் வீட்டிலும் ஒரு சொதி விருந்து நடந்தது. மணப்பெண் என் அத்தை, அப்பாவின் தங்கை.

அத்தை பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. வீட்டில் அவள் வரையாத சாமான் கிடையாது. அரிவாள்மனை, குக்கர் மூடி, என் ஒற்றைச் செருப்புகூடப் படமாகியிருந்தது. அன்று காலை சொதிக்கு வாங்கிய காய்களைச் சுளகில் பார்த்ததும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. புதுத் தாலியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, பின்கட்டு ஜன்னலடியில் வண்ணங்களோடு உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் புகுந்த வீட்டுக்குக் கிளம்பியாக வேண்டும். அதற்குள் படம் முடிய வேண்டும்.

"ஏளா, போன்ல படம் புடிச்சு வச்சுக்கிட்டு அங்கன போயி வரையேன்" என்றாள் அம்மா.

"போன்ல இந்த வெளிச்சம் வராது மதினி."

அம்மா சமரசத்துக்கு இறங்கி வந்தாள். எது முதலில் அடுப்புக்குப் போக வேண்டுமோ அதை முதலில் வரைய வேண்டும். அத்தையும் ஒப்புக்கொண்டாள். தேங்காய் முடிந்தது, முருங்கைக்காய் முடிந்தது, கேரட் முடிந்தது. ஒவ்வொன்றையும் கண்ணை இடுக்கிப் பார்ப்பாள், நிழலை முதலில் போடுவாள், அப்புறம்தான் காய்க்கு வருவாள். வரைந்து முடித்ததை நான் அடுக்களைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

"போற எடத்துல, ஆக்குத காயை வரைஞ்சுக்கிட்டு இருந்தா சும்மா விடுவாவளா?" என்று அம்மா முணுமுணுத்தபடியே இருந்தாள். அத்தை தூரிகையை இன்னும் வேகமாக ஓட்டினாள். அந்தப் பயம் அவளுக்கும் இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் மிஞ்சியவை இரண்டு எலுமிச்சம்பழங்கள். அங்கே வந்துதான் தூரிகை நின்றுவிட்டது. மஞ்சள் சரியாக வரவில்லை. குழைத்தாள், ஒற்றி எடுத்தாள், திரும்பவும் குழைத்தாள். அதற்குள் சொதியை இறக்கியாகிவிட்டது. கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டில் வேறு பழம் இல்லை. அம்மா சொல்லி நான் எடுக்கப் போனபோது, கை கழுவப் பின்கட்டுக்கு வந்திருந்த புது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் எப்போதிலிருந்து அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது.

"வேண்டாம்லே. அது அங்கனயே இருக்கட்டும்" என்றவர், அம்மாவிடம் திரும்பினார். "அக்கா, பழம் பிழியாமலே ஊத்துங்க. எனக்குப் புளிப்பு ஆவாது."

பந்தியில் அவருடைய அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஏலே, ஒனக்குப் புளிப்பு எப்பம்லே ஆவாமப் போச்சு?"

மாமா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். மறுபடியும் ஊற்றச் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வந்துட்டு மதினி, வந்துட்டு" என்று பின்கட்டிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. மஞ்சள் வந்துவிட்டது.

நானும் சாப்பிட்டுப் பார்த்தேன், சப்பென்று இருந்தது. சொதியின் ருசிகூடத் தெரியாத மனிதருக்குப் போய் அத்தையைக் கட்டிக்கொடுத்துவிட்டார்களே என்று எனக்கு அன்று முழுக்க ஒரே கவலை.