அடிவாரச் சத்திரத்தின் சாய்ந்த சுவர்

மிளகு மூட்டையின் காரமும் பழைய சுண்ணாம்பின் ஈர வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறும்... கொல்லிமலை அடிவாரத்து வண்டிச் சத்திரம் என்றதும் எனக்கு முதலில் வருவது அந்த நெடிதான்.

வேலையில் சேர்ந்த புதிது. சத்திரத்தின் சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்துவிட்டன, இடித்துவிடலாம் என்றொரு அறிக்கை தயாராக இருந்தது. பொறியாளனாக நான் கையெழுத்திட வேண்டும். அளக்காமல் இடமாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மலைக்குச் சாலை வராத காலத்துக் கட்டடம். மாட்டுவண்டிகளுக்கு அதுதான் கடைசி நிறுத்தம். அதற்கு மேல் தலைச்சுமை. பாரவண்டி மாட்டை அவிழ்க்காமலே நுழையும்படி அகன்ற வாசல். சக்கரம் சுவரை உரசாதிருக்க அதன் இரு மூலைகளிலும் உருண்டைக் கற்கள். உள்ளே திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மாடு கட்டத் துளையிட்ட கல்தூண்கள்...

வண்டிகள் நின்றுபோன பிறகு, முன்னறையில் ரஹீம் பாய் மிளகு மண்டி நடத்திவந்தார். மலைமேலுள்ள வளப்பூர் நாட்டு விவசாயிகள் பஸ்ஸில் கொண்டுவரும் மூட்டைகள் அங்கேதான் இறங்கும். கட்டடம் போனால் மண்டியும் போகும்.

வெளிச்சுவரின் உச்சியிலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டை இறக்கினேன். கீழே போகப்போகச் சுவர் நூலை நெருங்கியது. சாய்வு உண்மைதான்.

பாய் தராசை விட்டுவிட்டு வந்து நின்றார்.

"ஏனுங்க சார், என்ற கடைக்கு நாள் குறிக்கறீங்களா?"

மூட்டை மேல் உட்கார்ந்திருந்த வளப்பூர்க்காரர், "குறிச்சா நமக்கும் ஒரு பத்திரிகை வைங்க பாய்" என்றார்.

நான் உள்ளே சென்று, அதே சுவரின் உட்புறத்தில் குண்டை இறக்கினேன். மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளி. சுவர் சாய்ந்திருந்தால் இரண்டு முகமும் சேர்ந்தல்லவா சாய்ந்திருக்க வேண்டும்? அடியில் தடித்து, வெளிப்புறம் மட்டும் மேலே ஒடுங்கும்படி கட்டியிருக்கிறார்கள். மற்ற மூன்று சுவர்களும் அவ்வாறே. விரிசல் எங்கும் இல்லை.

"சுவர் சாயல பாய். கட்டும்போதே இப்படித்தான் கட்டியிருக்காங்க."

"அப்ப தைரியமா சரக்கு எடுக்கலாமுங்களா?"

எடுக்கலாம் என்றேன். அப்படியே எழுதியும் கொடுத்தேன். மேலதிகாரிக்கு நம்பிக்கையில்லை, வேறொருவரை அனுப்பி அளக்கச் செய்தார். அளவு மாறவில்லை... இடிக்கும் பேச்சு அத்தோடு நின்றது.

இந்தப் பதிவின் மேலே இருப்பது போன வாரம் நான் அங்கே எடுத்த படம். பாய் இப்போது இல்லை. மண்டியோடு டீக்கடையும் சேர்த்து அவருடைய மகன் நடத்துகிறார். அன்று வண்டி இழுத்துவந்த மாடுகள் இளைப்பாறிய முற்றத்தில், இன்று கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிவந்த கார்கள் பிரேக் சூடு ஆற நிற்கின்றன. மாட்டுமணிச் சத்தத்தை மட்டும் நான் கேட்டதே இல்லை...

நான் யாரென்று சொல்லிக்கொள்ளாமல் டீ குடித்துக்கொண்டிருந்தேன். காரில் வந்த ஒருவர், சுவர் சாய்ந்திருக்கிறதே என்று தள்ளி நின்றார்.

பாயின் மகன் திரும்பியும் பார்க்கவில்லை.

"கட்டுனதே அப்படித்தானுங்க. பயப்படாம டீயக் குடிங்க."