சம்பந்திக்கு ஊற்றிய முதல் குவளை

என் மகளைப் பர்மியக் குடும்பமொன்றில் கொடுப்பதென முடிவானபோது, மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். நிச்சயத்துக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போது கடையில் வாங்கிய பீரைப் பருகமாட்டார், என் கையால் காய்ச்சியதைத்தான் பருகுவார் என்றேன். அவர் ஓய்வுபெற்ற பொறியாளர். சிரித்துத் தலையசைத்தார். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நான் கல்லூரியில் வேதியியல் பயின்றவன் என்பதை, பர்மாவில் நாங்கள் வாழ்ந்த பசுந்தாங் பேட்டையில் என்னை அறிந்தவர்கள் யாவரும் அறிவர். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியாக வேண்டியிருந்தது.

மூடிப்போன ஒரு சோடாக் கடையிலிருந்து எஃகுப் பீப்பாய் ஒன்றும் கரியமில வாயு உருளையும் வாங்கியிருந்தேன். பீர் நன்றாகவே நொதித்தது. பீப்பாயில் அடைத்து வாயுவை ஏற்றியபின்தான் தொல்லை தொடங்கியது. ஊற்றினால் ஆறிய தேநீரைப் போல உயிரற்றுக் கிடந்தது. சோப்பு நீரைத் தடவிப் பார்த்தேன். மூடியின் ஓரத்தில் குமிழிகள் எழுந்தன. ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. சைக்கா எனும் மிதிரிக்‌ஷாவின் சக்கர டியூபிலிருந்து புதிய வளையம் வெட்டிப் பொருத்தினேன்.

நாள் நெருங்கியதால், வாயு விரைவில் கரையட்டுமென்று அழுத்தத்தைக் கூட்டிப் பீப்பாயைத் தரையில் உருட்டினேன். இப்போது குவளை முழுவதும் நுரை. என் மனைவி கூடத்தைத் துடைத்துக்கொண்டே, "வாயுவைப் பற்றி காலேஜ்ல படிச்சவரு நீங்கதானே?" என்று கேட்டாள். மிகையான வாயுவை வெளியேற்றினேன். பீர் மெதுவாக வரும்படி குழாயை நீளமாக மாற்றினேன். பீப்பாயைப் பனிக்கட்டித் தொட்டியில் அமர்த்தினேன். இரவெல்லாம் மின்சாரம் இராத ஊரில் பனிக்கட்டிக்காக அலைவதே தனி உத்தியோகமாயிற்று. அயர்ந்துபோனேன்.

ஒரு குறை மட்டும் எஞ்சியது. தொட்டிக்கு வெளியே நீண்டிருந்த குழாய் சித்திரை வெயிலில் சூடாகிவிடும். அதில் தங்கிய பீர் முதற்குவளையில் நுரையாக வரும். அதைக் கொட்டிவிட்டால் அடுத்தது தெளிவாக வரும். விருந்தினர் படியேறும் ஓசை கேட்டதும் முதற்குவளையைப் பின்கட்டில் கொட்டிவிடுவதென்று தீர்மானித்திருந்தேன்.

சம்பந்தி குறித்த நேரத்துக்கு முன்பே, படியேறும் ஓசைகூட என் காதில் விழாமல், வந்துவிட்டார். பொறியாளர் அல்லவா, நேரே தொட்டியருகே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, அழுத்தமானியை உற்றுநோக்கத் தொடங்கினார். கூடியிருந்தவர்களில் அவரே மூத்தவர். பர்மிய வீடுகளில் சோற்றின் முதல் அகப்பை மூத்தவர் தட்டுக்குத்தான் போகும். முதலில் எடுத்ததை அவர் கண்ணெதிரே கொட்டுவது எத்தகைய அவமதிப்பு என்பதை என் மகள் முன்பே எச்சரித்திருந்தாள். அவள் கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொட்டவில்லை. ஊற்றினேன். வெண்பஞ்சைப் போல நுரை குவளையை நிறைத்தது. இரு கைகளாலும் அதை அவரிடம் நீட்டினேன்.

அவரும் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். நுரை அடங்கும்வரை அனைவரும் காத்திருந்தோம். அது அடங்க நெடுநேரமாயிற்று. அடியில் இரண்டு விரல் அளவுக்குப் பீர் தேங்கியது. அதைப் பருகி மீசையைத் துடைத்துக்கொண்டு, பர்மிய மொழியில் மென்மையாகச் சொன்னார்.

"நல்ல ருசி, ஞீலே. கல்யாணத்துக்குப் போத்தல் வாங்கிக்கொள்வோம்."

ஞீலே என்றால் தம்பி. அந்த உறவுச் சொல்லை அவர் எனக்கு வழங்கியது அதுவே முதல் முறை. குழாயின் சூட்டைப் பற்றியும் வாயு கரையும் விதி பற்றியும் விளக்க வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி உணவுக்கு அழைத்துவிட்டாள். இரண்டாம் குவளையை எவரும் கேட்கவில்லை.

திருமணம் போத்தல்களோடு இனிதே நடந்தேறியது. பீப்பாயில் மிஞ்சியதை அதற்கு முன்பே, மாலைதோறும் முதற்குவளையைக் கொட்டிவிட்டு, நான் ஒருவனே பருகித் தீர்த்திருந்தேன். ஒவ்வொரு குவளையும் பழுதற்றதாகவே இருந்தது. அதைக் காண அங்கே ஒருவரும் இல்லை.