ஒடீல் காட்டிய பீப்பாய்

ஒடீல் பெரனோவுக்கு மூக்கு போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள், பிழைத்துவிட்டோம் என்ற தெம்பில் காபி போட்டுக் குடித்தாள். வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. காபிப்பொடி டப்பாவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தாள். வெங்காயத்தை நறுக்கிப் பார்த்தாள். கண்ணில் நீர் வந்ததே தவிர வாசனை வரவில்லை. உலகத்தையே வீட்டுக்குள் பூட்டிவைத்த அந்தக் காய்ச்சலில் எங்கள் ஊர் மொந்த்ரெலில் மட்டும் நாலு பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் மூக்கு போச்சு என்று யாரிடம் போய் அழுவது?

அவள் கணவர் லூசியன் தபால்காரர். அவருக்கும் அதே காய்ச்சல்தான். ஆனால் அவருடைய மூக்கு மூன்றே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. தபால்காரருக்கு எதற்கு இவ்வளவு நல்ல மூக்கு என்று ஒடீல் கடவுளைக் கேட்டாள். பதில் தபால் வரவில்லை.

வேறு யாராவது என்றால் ருசி தெரியாமலே சாப்பிட்டுக் காலத்தை ஓட்டியிருப்பார்கள். ஒடீலுக்குச் சோறு போட்டதே அந்த மூக்குதான். பிரான்ஸில், பர்கண்டியில், எங்கள் பக்கத்து ஊர்களில் ஒயின் செய்கிற வீடுகள் எத்தனையோ உண்டு. எல்லாவற்றிலும் நிலவறைக்குப் பொறுப்பு ஆண்கள்தான். குர்னோ வீட்டில் மட்டும் இருபத்தொன்பது வருடமாக ஒடீல்.

அவள் அறுவடைக்குக் கூலியாக வந்தவள். அந்தக் காலத்தில் திராட்சை பொங்குகிற கொட்டகைக்குள் பெண்கள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் ஒயின் புளித்துப்போகும் என்பார்கள். ஒயின் புளிக்கப் பெண்கள் வேண்டியதில்லை, சோம்பேறி ஆண்கள் போதும் என்பது என் அபிப்பிராயம். வாசலுக்கு வெளியே கூடை கழுவிக்கொண்டிருந்த ஒடீல், உள்ளே தலையை நீட்டாமலே, வந்த வாசனையை வைத்தே, மூன்றாவது தொட்டியில் பொங்குவது நின்றுவிடப் போகிறது என்று சொன்னாள். முதலாளி பெரிய குர்னோ, கூடையைக் கழுவினால் போதும் என்றார். மறுநாள் காலை மூன்றாவது தொட்டி நின்றுபோயிருந்தது. அதற்கடுத்த நாள் அவரே வாசலுக்கு வந்து அவளை உள்ளே கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் அந்த அளவுக்கெல்லாம் கெட்டுப்போகிறவர்கள் இல்லை.

அவர் காலத்துக்குப் பிறகு மகன் ரெமி பொறுப்புக்கு வந்தான். ரெமிக்கும் ஒடீலுக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். கொடியைக் கவாத்து செய்வதும் ஒயினை விற்பதும் அவன் பாடு. பீப்பாய்க்குள் இருப்பது அவள் பாடு. நாற்பத்திரண்டு பீப்பாய், எல்லாம் பினோ நுவார். இந்தத் திராட்சைக்குத் தோல் மெல்லிசு, ரோஷம் அதிகம். ஒன்று தூங்கும், ஒன்று சிணுங்கும், ஒன்று காரணமில்லாமல் நாறத் தொடங்கும். எதைக் கிளறாமல் விட வேண்டும், எதை வேறு பீப்பாய்க்கு மாற்றிக் காற்றுப் பட வைக்க வேண்டும் என்பதை மோந்துதான் சொல்ல முடியும். அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த ஃபெர்னானுக்கு மூக்கடைப்பு நிரந்தரமானபோது, அவரை மாடியில் லேபிள் ஒட்டும் மேசைக்கு அனுப்பினார்கள். மனிதர் எட்டு வருடம் லேபிள் ஒட்டினார். ஒரு நாளும் படியிறங்கி நிலவறைக்கு வரவில்லை. விஷயம் தெரிந்தால் தனக்கும் அந்த மேசைதான் என்று ஒடீலுக்குத் தெரியும். அதனால் லூசியனைத் தவிர யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

கிளாஸை மூக்கருகே கொண்டுபோய்ப் பழையபடி கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு வாயில் வைப்பாள். நாக்கு மிச்சமிருந்தது: புளிப்பு தெரியும், கசப்பு தெரியும், துவர்ப்பு எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று தெரியும். பீப்பாயில் காதை வைத்துக் கேட்பாள். அதைக் கொண்டே ஒப்பேற்றினாள்.

அடுத்த வசந்தத்தில் பனி விழுந்து துளிரெல்லாம் கருகியது. குர்னோ வீட்டாரின் மேட்டுக்காட்டுத் தோட்டத்தில் அந்த வருடம் விளைந்தது மூன்று பீப்பாய்க்குத்தான் கண்டது. அந்தப் பழத்தை ஒடீல் காம்பு ஆயாமல், குலை குலையாகவே தொட்டியில் போடச் சொன்னாள். காலையும் மாலையும் தொடை வரைக்கும் துணியைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி மிதித்தாள். எங்கே சூடு, எங்கே குளிர், எங்கே தோல் இளகுகிறது என்று கால் சொன்னது. வாழ்நாளில் எந்தத் தொட்டியையும் அவள் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் அது எப்படி மணக்கிறது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. தான் செய்த ஒயின் தனக்கே அந்நியமாக இருந்தது, அது அவளை உள்ளே அரித்தது.

மறு வருடம் நவம்பரில் விமர்சகர் விட்கம் வந்தார். ஆங்கிலேயர், வருடத்துக்கு ஒருமுறை வந்து, பீப்பாயிலிருந்தே ருசி பார்த்து, மதிப்பெண் போட்டு எழுதுவார். கடல் தாண்டி இருப்பவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வாங்குவார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் குர்னோ வீட்டு ஒயினைப் பற்றி அவர் எழுதியது ஒரே வரி: குறை சொல்ல ஒன்றுமில்லை, நினைவில் வைக்கவும் ஒன்றுமில்லை. அது ரெமியின் பெயருக்கு வந்த வரி என்றாலும் அவள் முகத்தில் அடித்த வரி.

விமர்சகருக்கு எந்தப் பீப்பாயைக் காட்டுவது என்பது எங்கள் ஊரில் பெரிய ராஜதந்திரம். ஒரே தோட்டத்து ஒயின் மூன்று பீப்பாயில் இருந்தால் மூன்றுக்கும் மூன்று குணம். சிரித்த முகமாக இருப்பதைக் காட்டுவோம். உம்மென்று இருப்பதைத் தாண்டி, வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே கூட்டிப்போவோம். நாங்கள் இப்படிச் செய்வது அவருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். குர்னோ வீட்டில் பீப்பாயைப் பொறுக்குவது எப்போதும் ஒடீல்தான். அந்த முறை மேட்டுக்காட்டு ஒயினில் கடைசிப் பீப்பாயைப் பொறுக்கினாள். நாக்கில் அதுதான் பட்டாக இறங்கியது.

ரெமி அன்று உடன் இருந்தான். இடுப்பு பிடித்துப் பத்து நாள் படுக்கையில் கிடந்தவன், அன்றைக்குத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினான்.

ஒடீல் கண்ணாடிக் குழாயால் ஒயினை எடுத்து மூன்று கிளாஸில் ஊற்றினாள். விட்கம் மூக்கருகே கொண்டுபோனார். தலை கொஞ்சம் பின்னால் போனது. ரெமி மோந்தான், அவன் முகம் சுண்டிப்போனது. அழுகின முட்டை நாற்றம். ஒயின் காற்றில்லாமல் திணறினால் வருகிற நாற்றம் அது. கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, ஆனாலும் அதை யாரும் விருந்தாளிக்கு ஊற்ற மாட்டார்கள். ஒடீல் மட்டும் கண்ணை மூடி, கிளாஸை மூக்கில் வைத்து, லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எனக்குக் காட்டணும்னு எடுத்துவெச்ச பீப்பாய் இதுதானா, மதாம்?" என்று விட்கம் கேட்டார்.

"ஆமாம், மிஸ்யே. மூணுல இதுதான் ஒசத்தி."

அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்துத் தன் கிளாஸில் போட்டுச் சுழற்றினார். காசு கிளாஸில் விழுந்த சத்தத்தில் ஒடீல் கண்ணைத் திறந்தாள். செம்பு பட்டால் அந்த நாற்றம் போகும். எங்கள் பக்கத்தில் கிளாஸுக்குள் செம்பு போடுவதற்கு வேறு காரணமே கிடையாது. தான் காட்டியது நாறுகிற பீப்பாய் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. விட்கம் மறுபடி மோந்தார், வாயில் வைத்தார், நோட்டில் வெகுநேரம் எழுதினார். எல்லா ஒயினையும் ருசி பார்த்துச் சரளைக்கல் தரையில் துப்புகிறவர், அந்தக் கிளாஸை மட்டும் காலி செய்தார். பிறகு கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒயினை வேறு பீப்பாய்க்கு மாற்றிவிடலாம் என்று மட்டும் ரெமி சொன்னான். திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜனவரியில் கட்டுரை வந்தது. குர்னோ வீட்டுக்கு அரைப் பக்கம். எல்லா நிலவறைகளிலும் பவுடர் பூசி நிறுத்திய பீப்பாய்களைத்தான் தனக்குக் காட்டுகிறார்கள், மொந்த்ரெலில் ஒரே ஒரு பெண்மணி, நாறுகிற பீப்பாயைத் திறந்து, கூசாமல், சிரித்த முகத்தோடு, இதுதான் உயர்ந்தது என்று சொன்னார், காசு போட்டுப் பார்த்ததில் அவர் சொன்னதே சரி என்று விட்கம் எழுதியிருந்தார். அசாத்தியமான மோப்பம் இருந்தால்தான் இப்படி நாற்றத்தைத் தாண்டி ஒயினைப் பார்க்க முடியும் என்றும் எழுதியிருந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு.

ரெமி வீட்டில் தொலைபேசி ஓயவில்லை. பக்கத்துத் தோட்டத்து காஸ்பார், "ஒடீல், எங்க பீப்பாய்க்கும் ஒரு செம்பு நாத்தம் கடன் குடேன், நாங்களும் பாஸாகிக்கறோம்" என்று தெருவில் நின்று கேட்டான். ரொட்டிக் கடையில் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை. திட்டு வாங்கினால் தாங்கிக்கொள்ளலாம். தகுதியில்லாத புகழைச் சுமப்பதுதான் கஷ்டம். லூசியன், "விடேன், அவன் எழுதினதுக்கு நீயா பொறுப்பு?" என்று கேட்டார். அவர் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர், அப்படித்தான் சொல்வார்.

அதற்கு மேல் ஒன்று வந்தது. ஜனவரி இருபத்திரண்டு எங்கள் திராட்சைக் கொடிக்காரர்களின் பாதுகாவலர் புனித வின்சென்டின் திருநாள். பவனி முடிந்து ஊரே உட்கார்ந்து சாப்பிடும் விருந்தில் ஒடீல் எழுந்து நின்று நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கொடிக்காரர் சங்கத்தார் முடிவு செய்தார்கள். சொந்தமாக ஒரு வரிசைக் கொடிகூட இல்லாத ஒருவரை அந்த விருந்தில் பேச அழைத்ததில்லை. மோப்பத்தின் ரகசியத்தைப் பற்றிப் பேசு என்று வேறு கேட்டுக்கொண்டார்கள்.

திருநாளுக்கு முந்தைய காலை அவள் நிலவறைக்குள் இறங்கியபோது, ரெமி கேனை வைத்துக்கொண்டு ஆவியாகி ஒயின் குறைந்திருந்த பீப்பாய்களை நிரப்பிக்கொண்டிருந்தான்.

"ரெமி, அந்த ஆள் எழுதினது பொய். நான் தைரியமாக் காட்டல. அது நாறுதுன்னே எனக்குத் தெரியாது. எனக்கு மூக்கு செத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

சொல்லிவிட்டு, லேபிள் மேசைக்குத் தயாராக நின்றாள். ரெமி கேனைக் கீழே வைத்தான்.

"தெரியும்" என்றான்.

பனி விழுந்த வருடத்து அறுவடையில் ஒரு பெட்டிப் பழம் புளித்த காடி நாற்றத்தோடு அவள் முன்னால் வந்திருக்கிறது. அவள் நல்ல பழம் என்று தள்ளிவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத அழுகல். மூக்கிருந்தால் பத்தடி தள்ளியே தெரியும். ரெமி அதை ஓசையில்லாமல் எடுத்துக் கொட்டிவிட்டு, நேரே லூசியனிடம் போனான். அரைக் கிளாஸ் ஒயினிலேயே லூசியன் உண்மையையெல்லாம் கக்கிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும், அவள் வேலைக்கு வருவதற்கு முன்னால், ரெமி நாற்பத்திரண்டு பீப்பாயையும் மோந்து வைத்தான். ஏதாவது சரியில்லை என்றால், "கடைசி வரிசை கொஞ்சம் மந்தமா இருக்கோ?" என்று போகிறபோக்கில் அவள் காதில் போட்டுவிடுவான். இடுப்பு பிடித்த அந்தப் பத்து நாள்தான் தவறிவிட்டது.

அவன் போகிறபோக்கில் சொன்ன ஒவ்வொன்றும் ஒடீலுக்கு நினைவு வந்தது. நாக்கையும் காதையும் வைத்துத் தானே கண்டுபிடித்ததாக மார்தட்டிக்கொண்டதெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. அவமானம் தலைக்கேறியது.

"ஒண்ணரை வருஷமா என்னை நடிக்க விட்டு வேடிக்கை பாத்தியா? வீட்ல ஒருத்தன், இங்க ஒருத்தன். நான் தினமும் செத்துச் செத்துப் படியிறங்கினேன், தெரியுமா உனக்கு?"

"கேட்டிருந்தா அன்னிக்கே வேலையை எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்ப. உன் ரோஷம் எனக்குத் தெரியாதா?" ரெமி கையைத் துடைத்துக்கொண்டான். "நாறுதுன்னு எனக்குத் தெரியும், ஒடீல். நாறினா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியாது. எங்கப்பா எனக்குக் கவாத்துக் கத்திரியைத்தான் குடுத்தாரு. இந்த அறைக்குள்ள இதுவரைக்கும் ஒரு தடவைகூட நான் முடிவெடுக்கல. நீ சொன்னதைத்தான் செஞ்சேன்."

ஒடீல் அவன் கீழே வைத்த கேனை எடுத்து, பாதியில் நின்ற பீப்பாயை நிரப்பி முடித்தாள். பிறகு, நாளைக்கு விருந்தில் எழுந்து நின்று மூக்கு இல்லை என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். தாராளமாகச் சொல், மூக்கே இல்லாமல் தொண்ணூற்று நாலு என்றால் காஸ்பார் ஒரு வருடம் வாயைத் திறக்க மாட்டான் என்றான் ரெமி. அவள் கண்ணாடிக் குழாயை எடுத்து, நவம்பரில் மாற்றி வைத்த மேட்டுக்காட்டு ஒயினைக் கொஞ்சம் உறிஞ்சி, அவன் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்து ஊற்றினாள்.

"மோந்து சொல்லு."

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னு கழுதைகூடச் சொல்லும். என்ன வாசனை?"

"செர்ரி."

"சதையா, கொட்டையா?"

ரெமிக்கு இந்த மாதிரிக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு மோந்தான். கிளாஸைச் சுழற்றி மறுபடி மோந்தான்.

"கொட்டை" என்றான். "கல்லால உடைச்சா உள்ள இருந்து ஒண்ணு வருமே, லேசாக் கசப்பா. அது."

காம்போடு குலையைப் போட்டதும், இருபது நாள் தொடை வலிக்க மிதித்ததும் அந்த ஒரு வாசனைக்காகத்தான். வந்ததா வரவில்லையா என்று நிலவறையில் யாரையும் கேட்க வழியில்லாமல் பதினாறு மாதம் இருந்தாள். ஒடீல் பீப்பாயில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் துடைக்காமலே, "இன்னொரு தடவை சொல்லு" என்றாள். ரெமி இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னான்.