சாக்பீஸ் எண்கள்

என் வீட்டுக்காரர் தையல்காரர். முனை மழுங்கிய ஊசியைக்கூடத் தூக்கிப் போட மனசு வராது. என் அப்பா விட்டுப்போன கார் இரண்டு வருடமாக வாசலில் நின்றது. "சனிக்கிழமைக்குள்ள ஓடலைன்னா காயலான் கடைக்குப் போட்டுடுவேன்" என்று என் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான். அப்பாவென்று எனக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். மெக்கானிக் கேட்ட தொகை கட்டுப்படியாகாது. எனவே இவரே பழைய கையேடு ஒன்றைப் பார்த்து இன்ஜினைக் கழற்றி, துணி வெட்டும் மேசையில் பரப்பினார்.

பிஸ்டனைத் தாங்கும் நான்கு ராடுகள், அவற்றின் அடியில் பூட்டும் நான்கு மூடிகள். ஒன்றின் மூடி இன்னொன்றுக்கு ஆகாது, மாற்றிப் போட்டால் இன்ஜின் சுற்றாமல் இறுகிவிடும் என்று கையேடு மிரட்டியது. இவர் எண் போட்டு வைத்தார். ஆனால் தையல் சாக்பீஸில் போட்டார். இருபது வருடமாகத் துணிக்கு அதில்தானே குறி போடுகிறார்.

புதன்கிழமை, ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் நான் மண்ணெண்ணெயில் கழுவி, பளபளவென்று அடுக்கி வைத்தேன்.

"நம்பர் எங்க?" என்றார்.

"எந்த நம்பர்?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும். சட்டைப்பையிலிருந்த சாக்பீஸை எடுத்து, திருதிருவென்று விழித்தார்.

இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. "ஜோடி சரியா இருந்தா சேர்ற இடத்துல விரல்ல மேடு தட்டாது. நல்ல தையல் மாதிரி." கண்ணை மூடிக்கொண்டு தடவினோம். இரண்டு மூடிகள் ஒத்துப்போயின. மற்ற இரண்டில் அவர் விரல் ஒன்று சொன்னது, என் விரல் வேறொன்று சொன்னது. மறுபடி தடவினால் எனக்கு என் விரலிலேயே சந்தேகம் வந்தது.

"சரி, நீ சொன்னபடியே போடுறேன்" என்றார். விடிய விடிய இன்ஜினைப் பூட்டிக் காரில் ஏற்றினார்.

சனிக்கிழமை காயலான் கடைக்காரரோடு அண்ணன் வந்து நின்றான். இவர் சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை உறுமி ஓட ஆரம்பித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் அந்த மனிதரைத் திருப்பி அனுப்பிவிட்டு, "ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வரேன்" என்று கிளம்பினான்.

மேசையில் ஒரு நட்டு மிச்சம் கிடந்தது. அது எங்கே வரும் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"அப்ப என் விரல்தான் சரியா?" என்று கேட்டேன்.

"தெரியலையே. மறுபடி தடவினப்ப ரெண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

"பின்ன ஏன் நான் சொன்னபடி போட்டீங்க?"

"உங்கப்பா காரு. கெட்டுப்போனா என்னால கெட்டதா இருக்க வேண்டாம்னு பார்த்தேன்."

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல், நட்டைக் கையில் பொத்திக்கொண்டு, கார் திரும்பும் சத்தத்துக்காகத் தெருவையே பார்த்தேன்.