ஜப்பான் காலத்து உறை

"சயா, உங்க ஒரு வார்த்தையால எனக்கு எட்டு வருஷம் போச்சு."

போன வாரம் லான்மடா பேட்டையில் ஜானகியம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் பேச்சு இது. பர்மியர் வழக்கில் ஐயாவை அவர் சயா என்பார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நான் அப்படி என்ன சொன்னேன்?

என் பைத்தியம் உங்களுக்குத் தெரியும். போர்க்காலத்து ராணுவக் கைத்துப்பாக்கிகளின் தோல் உறைகளைச் சேர்க்கிறேன். உறை மட்டும்தான்... துப்பாக்கியைச் சேர்த்தால் இந்த ஊரில் என்ன ஆகும் என்று விளக்க வேண்டுமா? அசலா, போலியா, எந்த நாட்டுடையது என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அந்தப் பெயர்தான் வினையானது.

எட்டு வருஷத்துக்கு முன் அவர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். சாமி அலமாரியில் ஒரு பழைய உறை தலைகீழாகத் தொங்கியது. அவருடைய அப்பா விட்டுப் போனது. அதில் மூன்று கோடாக நாமம் போல ஒரு குறி. பெருமாள் குறி என்று சந்தனம் அப்பிக் கும்பிட்டு வந்தார்கள். சாப்பாட்டு அவசரத்தில் எட்ட நின்றே, "இது ஜப்பான் காலத்து உறை" என்றேன்.

நான் சொன்னது காலத்தை. உலகப் போர்க் காலத்தை இங்கே நம்மவர்கள் அப்படித்தானே சொல்கிறார்கள்? ஆனால் பேச்சு ஒரு மாடி ஏறுவதற்குள் 'காலத்து' உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது — ஜப்பான் உறை.

மேல்மாடியில் பொன்னம்மா. ஜானகியம்மாவின் பால்ய சிநேகிதி. அவர் தாய் வயிற்றில் இருக்கும்போதே அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள். அப்பா திரும்பவில்லை. ஜானகியின் அப்பாவுக்கு ஜப்பான்காரன் சும்மாவா துப்பாக்கி கொடுப்பான்? யாரைக் காட்டிக்கொடுத்ததற்கு என்பது பொன்னம்மாவின் கேள்வி. பொன்னம்மா அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஜானகியம்மாவும் ரோஷத்தில் மாடி ஏறவில்லை. ஜானகியம்மா சொல்லும்வரை இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது. வெட்கமாக இருந்தது.

"ஜப்பானுக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை ஓடறப்போ குடுத்ததுன்னு அப்பா சொன்னாரு. துப்பாக்கியை ஆத்துல போட்டுட்டாராம். இப்பவாவது ஒழுங்காப் பாருங்க சயா."

பார்த்தேன். ஈரத் துணியால் சந்தனத்தைத் துடைத்தேன். உறையை நேராகத் திருப்பியதும் நாமம் அம்பானது! வெள்ளைக்கார அரசாங்கம் தன் சாமான்களில் எல்லாம் குத்தி வைத்த அம்பு முத்திரை. தோலின் நடுவே ரிவால்வரின் தோட்டா உருளை தங்கிய புடைப்பு. ஜப்பான் உறையின் மூடி கிளிஞ்சல் போல உப்பியிருக்கும். இதில் அது இல்லை. சந்தேகமே இல்லை, பிரிட்டிஷ் உறை. அசல்.

கைத்தாங்கலாக அவரை மாடிக்கு அழைத்துப் போனேன். பொன்னம்மா கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. நின்றபடியே என் தப்பை ஒப்புக்கொண்டேன். அம்பைக் காட்டினேன், புடைப்பைக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி சயா. வெள்ளைக்காரன் விட்டுட்டு ஓடுன துப்பாக்கியை ஜப்பான்காரன் எடுத்து இவ அப்பாவுக்குக் குடுத்திருக்க மாட்டானா?"

கொடுத்திருக்கலாம். அப்படிக் கைமாறிய துப்பாக்கிகள் எத்தனையோ. எந்த லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் உறை அதைச் சொல்லாது.

ஜானகியம்மாதான் வாய் திறந்தார். "எனக்கும் தெரியாது பொன்னம்மா. அப்பா சொன்னது மட்டுந்தான் தெரியும். நீ எங்கிட்டப் பேசாம இருந்தது தாங்கல."

பொன்னம்மாவின் கண் கலங்கியது. "இதை அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா போதுமேடி..."

நான் படியிறங்கும்போது மேலே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள் — எதுவும் நிரூபணமாகாமலே.