மலையூரில் போட்ட மொட்டை

ஏழெட்டு மாதம் கழித்துக் கப்பலிலிருந்து திரும்பிய புருஷன் மொட்டைத் தலையோடு வாசலில் வந்து நின்றால் எவளுக்குத்தான் சந்தேகம் வராது? மீசையையும் காணோம். கோதண்டத்தின் அப்பனும் ஆத்தாளும் எப்போதோ போய்ச் சேர்ந்தவர்கள். பிறகு யாருக்காக மழித்துக்கொண்டான்?

இதில் தாயம்மாவுக்கு வயிறு எரிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவன் கப்பலேறியபோது மகள் அம்மு விஷக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். பிழைத்தெழுந்து இப்போது பக்கத்து வீட்டு மங்கம்மாவிடம் கதை பேசிக்கொண்டிருந்தாள். கடலில் இருந்தவனுக்கு இதைச் சொல்லியனுப்ப வழியில்லை. வந்தவனோ குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியை இறக்கினான், தண்ணீர் குடித்தான், சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

கப்பல் கலாசிகளுக்குத் துறைமுகத்துக்கு ஒரு குடித்தனம் இருக்கும் என்று மங்கம்மா ஓதியதெல்லாம் காசிமேட்டுக் குப்பமே அறியும். தாயம்மா குடைந்து குடைந்து கேட்டாள். அவன் சொன்ன கதை அதைவிட விநோதமாக இருந்தது.

ஸ்பெயின் தேசத்தில் கப்பல் பழுதாகி நின்றுவிட்டதாம். கப்பல் சமையல்காரர் வால்டர், கட்டலான் பாஷை பேசும் மலைநாட்டில் ஒரு பழைய ஊரின் மாதா கோயிலைப் பார்க்க இவனையும் பஸ்ஸில் கூட்டிப் போனாராம். ராஜாக்கள் காலத்துக் கல்மதில், கல்பாலம். மலை என்றால் சாமி இருக்கும் இடம் என்பதுதான் கோதண்டம் அறிந்தது. அடிவாரத்திலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினானாம். ஜன்னலுக்கு ஜன்னல் கண்கள். நாவிதர் கடையில் தலையையும் மீசையையும் காட்டிச் சுத்தமாக எடுக்கச் சொன்னதும் நாவிதருக்குக் கை ஓடவில்லை. எல்லை தாண்டி ஓடுகிறவர்கள் அடையாளத்தை மாற்றிக்கொள்ளும் மலை அது. போலீசுக்கு ஆள் போயிற்று, அவர்களும் வந்து பிடித்துக்கொண்டார்கள். வால்டர் வந்து கெஞ்சிக் கூத்தாடி மீட்ட பிறகுதான் மொட்டை விழுந்ததாம்.

தாயம்மா இதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை. மாதா கோயிலில் போய் எவன் மொட்டை போடுவான்? போலீசே பிடித்ததென்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

"எவ செத்தான்னு மொட்ட போட்டுகினு வந்தே? அத்த மட்டும் சொல்லு" என்றாள்.

அவன் முகம் கோணிப் போயிற்று. "திருத்தணிக்கு வேண்டிக்கினேன். வந்து சேர்ற வரைக்கும் தாங்காதுன்னு தோணிச்சு. மலை எதுவா இருந்தா இன்னா. வந்ததுலர்ந்து கேக்கணும்னு பாக்குறேன், வாய் வர்ல. அம்மு... கீறாளா?"

தாயம்மாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. தெருவுக்கு ஓடி, அம்முவின் பேரைச் சொல்லி ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"தோ வரேன்மா" என்று குரல் கேட்டது. கோதண்டம் இரண்டு கையாலும் மொட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.